மக்காச்சோள மணியில் இம்பிரின்டிங்: நெட் தேர்வுக்கு நான் படித்த விதம்

ஜெனோமிக் இம்பிரின்டிங்கை (ஒரு ஜீன் தாய் வழி வந்ததா, தந்தை வழி வந்ததா என்பதைப் பொறுத்து அதன் செயல்பாடு மாறுவதை) எலியிலிருந்து தொடங்குபவர்களே அதிகம். தாவரப் பக்கம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது, மக்காச்சோளத்தில் தொடங்குங்கள். அங்கே விடை மணியின் நிறத்திலேயே தெரிந்துவிடும்.

ஆர் ஜீன், மணிக்குள் கருவூணின் வெளி அடுக்கான அலுரோனுக்கு நிறம் தருவது. நிறமுள்ள செடியைத் தாயாகவும் நிறமற்றதைத் தந்தையாகவும் வைத்தால் மணி முழுக்க நிறம் வரும். அப்படியே திருப்பிப் போட்டால் திட்டுத்திட்டாகத்தான் வரும். உடனே ‘இம்பிரின்டிங்’ என்று டிக் அடித்துவிடாதீர்கள். கருவூண் (கருவுக்கு உணவாகும் திசு) மும்மடியம், அதாவது மூன்று செட் குரோமோசோம் கொண்டது: தாயின் பங்கு இரண்டு, தந்தையின் பங்கு ஒன்று. அப்படியென்றால் இது வெறும் டோஸ் வித்தியாசமாகவும் இருக்கலாமே?

1970-இல் மரபியலாளர் கெர்மிக்கிள் மடக்கியது இந்தச் சந்தேகத்தைத்தான். பி குரோமோசோமோடு (சில மக்காச்சோளச் செடிகளில் இருக்கும் உபரி குரோமோசோம்) இடமாறிய, ஆர் ஜீன் உள்ள துண்டு, மகரந்தத்தின் இரண்டாம் மைட்டாசிஸில் (செல் பிரிவில்) பிரியாமல் ஒரே விந்தணுவுக்குள் போய்விடும். இந்த வித்தையால் தந்தை வழியாகவே இரண்டு ஆர் பிரதிகளைக் கருவூணுக்குள் அனுப்பினார். அப்போதும் மணி திட்டாகவே வந்தது. டோஸ் காரணமில்லை, வந்த வழிதான் காரணம். இந்தச் சோதனையைப் படம் போட்டுப் படியுங்கள். வரிகளை மனப்பாடம் செய்து பயனில்லை.

அடுத்த குழப்பம் தாய் விளைவு. இதைப் பிரிக்க ஒரு கிராஸ் போதும். ஹெட்டிரோசைகஸ் தாயை (நிறம் தரும் ஆர் ஒன்றும் நிறம் தராதது ஒன்றும் உள்ளதை) நிறமற்ற தந்தையோடு கலந்து பாருங்கள். தாய்ச் செடியின் மரபணு வகைதான் தீர்மானிக்கிறது என்றால் கதிரில் எல்லா மணியும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஆனால் பாதி முழு நிறம், பாதி நிறமின்மை. எல்லா மணிக்கும் தாயின் சைட்டோபிளாசம் ஒன்றே என்பதால், சைட்டோபிளாச மரபும் இதே கிராஸில் அடிபட்டுப் போகும்.

மூலக்கூறு பகுதியை நான் சுருக்கமாகவே வைத்துக்கொண்டேன்: கருவூணாக மாறும் மைய செல்லில் டிமீட்டர் வகை நொதிகள் டிஎன்ஏ மெத்திலேற்றத்தை (பொதுவாக ஜீனை அடக்கும் வேதிக் குறியை) நீக்குகின்றன, விந்தணுவில் அது அப்படியே இருக்கிறது.

மரபு வேறுபாடு உள்ளே வருவது ஆர்என்ஏ தரவுக் கேள்விகளில். எந்த டிரான்ஸ்கிரிப்ட் (ஜீனிலிருந்து உருவான ஆர்என்ஏ) யாருடையது என்று பிரிக்கப் பெற்றோரிடையே எஸ்என்பி (டிஎன்ஏவில் ஓரெழுத்து வேறுபாடு) வேண்டும். அதற்குத்தான் பி73, மோ17 போன்ற தூய வரிசைகளை இருபக்கமும் கலக்கிறார்கள். கருவூணில் இயல்பான விகிதம் 2:1. இதை 1:1 என்று எடுத்துக்கொண்டால் பல ஜீன்கள் தாய்வழி இம்பிரின்ட் போலத் தெரியும். மணியின் தோல் முழுக்கத் தாயின் திசு என்பதால், அது கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தாலும் இதே ஏமாற்று நடக்கும். அப்புறம், எல்லா அல்லீலும் (ஒரு ஜீனின் மாற்று வடிவமும்) இம்பிரின்டிங்குக்கு அடங்குவதில்லை. ஆர் ஜீனிலேயே சில அல்லீல்கள் எந்த வழியாக வந்தாலும் முழு நிறம் தரும்.

கடைசியாக ஒன்றைத் தாளில் நீங்களே போட்டுப் பாருங்கள். திட்டு மணியை விதைத்து, வளர்ந்த செடியைத் தாயாக்கி, நிறமற்ற தந்தையோடு கலந்தால் என்ன வரும்? ‘திட்டு’ என்று எழுதியிருந்தால் கருவையும் கருவூணையும் குழப்பிவிட்டீர்கள்: திட்டு இருந்தது கருவூணில், செடி வளர்ந்தது கருவிலிருந்து. அந்த ஆர் இப்போது தாய் வழியாகப் போகிறது; பாதி மணிகள் முழு நிறம், மீதி நிறமற்றவை.