பேர் வெக்காத ராத்திரி சாப்பாடு

ஜூன் 2, 2025, திங்கள்

இந்த வாரம் கடைக்குப் போறதில்லைன்னு நானும் மனைவியும் பேசி வெச்சிருக்கோம். பிரிட்ஜ்ல கை வைக்க இடமில்ல, ஆனா சாயந்தரம் ஆனா போதும், "வீட்ல ஒண்ணுமே இல்லையே"ன்னு ரெண்டு பேரும் மாறி மாறி சொல்றோம். இது எப்படின்னு பாத்துடணும்னு தான்.

எல்லாத்தையும் எடுத்து மேடை மேல பரப்பினேன். நல்லா பழுத்து தோல் சுருங்க ஆரம்பிச்ச தக்காளி, பாதி முட்டைகோஸ், வளைச்சா வளையிற கேரட், புளிச்சுப் போன தயிர், வாடின கொத்தமல்லி, கொஞ்சம் முட்டை, டப்பால என்னைக்கோ வாங்கின ராஜ்மா, ரெண்டு விதமா உடைஞ்ச நூடுல்ஸ். இதுல என்ன சமைக்கலாம்னு யோசிச்சா மண்டை காயும். எது முதல்ல கெட்டுப் போகும்னு கேட்டா உடனே பதில் வந்துடும். இன்னைக்கு தக்காளியும் கொத்தமல்லியும், ராஜ்மா இன்னும் வருஷக்கணக்கா காத்திருக்கும், அதுக்கு என்ன அவசரம்.

முட்டைய தண்ணில போட்டு பாத்தேன். புதுசுன்னா அடில படுத்துக்கும், பழசாக ஆக ஓட்டுல இருக்க நுண்ணிய துளை வழியா ஈரம் போயி உள்ள காத்து ஜாஸ்தியாயி ஒரு முனை தூக்கிக்கும், கடைசில மிதக்கும். மிதந்தா பழசுன்னு தான் அர்த்தம், கெட்டுடுச்சுன்னு கிடையாது. தனி கப்புல உடைச்சு மோந்து பாத்தா மூக்கு சொல்லிடும். நம்மளோடது நின்னுச்சு, மிதக்கல.

வெங்காயம், பூண்டு, தக்காளி நல்லா தண்ணி சுண்ட வதக்கி, அங்கங்க குழி பண்ணி முட்டைய உடைச்சு ஊத்தி மூடி வெச்சு, மேல கொத்தமல்லி. பொண்ணு எட்டிப் பாத்து "இதுக்கு பேர் என்னப்பா?"ன்னா. பேர் இல்ல, சாப்டுன்னேன். மனைவி ஏதோ பேர் சொல்ல வாயெடுத்தா, கண்ணக் காட்டி நிறுத்திட்டேன். பேர் வெச்சா போச்சு, "அதுல அது போடணுமே, இது இல்லையே"ன்னு ஆரம்பிச்சு செருப்பு மாட்டிட்டு கடைக்கு கிளம்ப வேண்டியது தான்.

ஜூன் 3, செவ்வாய்

வளைஞ்ச கேரட்ட முனைய வெட்டிட்டு ஜில் தண்ணில காலைலயே போட்டு பிரிட்ஜ்ல வெச்சிருந்தேன், சாயந்தரம் டக்குனு ஒடியிற அளவுக்கு வந்துடுச்சு. அது கெட்டுப் போகல, தண்ணி தான் போயிருந்துச்சு, திருப்பி குடிச்சுக்குச்சு. வழவழன்னு இருந்தாலோ வாடை அடிச்சாலோ இந்த வித்தை பலிக்காது, குப்பை தான்.

நேத்து மிஞ்சின சோறு இருந்துச்சு. பிரைடு ரைஸுக்கு சூடான சோத்த விட ஜில் சோறு தான் சரி, ஆறும்போது ஸ்டார்ச் இறுகிக்கும், பருக்கை ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. ஆனா மிஞ்சின சோத்துல ஒரு விஷயத்துல மட்டும் நான் ரொம்ப கறார். அரிசில பேசிலஸ் சீரியஸ்னு ஒரு பாக்டீரியா இருக்கும், அதோட விதை மாதிரியான ஸ்போர் கொதிச்சாலும் சாகாது. சோத்த மணிக்கணக்கா வெளிய வெச்சா அது முளைச்சு பெருகி நஞ்ச விடும், அப்புறம் எவ்வளவு சூடு பண்ணாலும் அந்த நஞ்சு போகாது. அதனால சாப்பாடு முடிஞ்சதும் மிச்சத்த தட்டுல பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள்ள பிரிட்ஜ், மறுநாளே காலி. அம்மா "நாங்கல்லாம் இதெல்லாம் பாத்தா வளந்தோம்"னாங்க. பதில் சொல்லல, சோத்த மட்டும் உள்ள வெச்சேன்.

அடுப்ப முழு தீயில வெச்சு முட்டைகோஸ், கேரட், முட்டை, சோறு. பையன் ரெண்டாவது தடவ கேட்டு வாங்கினான், முட்டைகோஸ் இருக்குறது அவனுக்குத் தெரியாது, நானும் சொல்லல.

ஜூன் 5, வியாழன்

நேத்து எழுத ஒண்ணுமில்ல, பிரட்டும் நேத்து மதியம் செஞ்ச பருப்பும்.

இன்னைக்கு உருளைக்கிழங்கு, மூட்டைய திறந்தா சிலது முளை விட்டிருக்கு, ஒண்ணு ரெண்டு பச்சை பாஞ்சிருக்கு. பச்சை நிறம் குளோரோபில் தான், அது ஒண்ணும் பண்ணாது, ஆனா வெளிச்சம் பட்டு பச்சையாகுற இடத்துல சோலனின்ங்கிற நஞ்சும் கூடவே ஏறுது, வேக வெச்சா அது போகவும் போகாது. கெட்டியா இருந்து சின்ன முளை மட்டும்னா தோண்டி எடுத்துட்டு சமைக்கலாம். நல்லா பச்சை ஏறினதும் சுருங்கி தொளதொளன்னு ஆனதும் கசக்குறதும் குப்பைக்கு, இதுல மட்டும் சிக்கனம் பாக்கக் கூடாதுங்கிறது என் கட்சி. வெங்காயத்துக்கு பக்கத்துலயே வெச்சிருந்தோம், இப்ப ரெண்டையும் பிரிச்சு இருட்டான எடத்துல வெச்சாச்சு.

மிச்ச கிழங்க வேகவெச்சு புளிச்ச தயிர்ல போட்டேன். கொதிக்கிறதுல தயிர அப்படியே ஊத்தினா திரிஞ்சு திப்பி திப்பியாயிடும், அதனால ஒரு ஸ்பூன் மாவு போட்டு நல்லா கடைஞ்சு, தீய குறைச்சு, நுரை கட்டும்போதே இறக்கிடணும். புளிப்பு தூக்கலா இருந்துச்சு. அம்மா ஒரு வாய் வெச்சுட்டு, "பேரென்னடா இதுக்கு?"ன்னாங்க. பொண்ணுகிட்ட இருந்து பாட்டிக்கும் தொத்திக்கிச்சு.

ஜூன் 6, வெள்ளி

ராஜ்மாவுக்கு கடைசில நேரம் வந்துச்சு. மனைவி காலைல ஆபீஸ் கிளம்பும்போதே "ஏங்க, ஊறப் போட்டுட்டு போங்க"ன்னா, தண்ணில கொஞ்சம் உப்பும் போட்டேன். உப்பு போட்டா பயறு வேகாதுன்னு ஒரு பேச்சு இருக்கு, உண்மைல ஊறும்போது உப்பு இருந்தா தோல் இளகும், வேக விடாதது புளிப்பு தான். அதனால தக்காளியெல்லாம் ராஜ்மா மசிய வெந்ததுக்கு அப்புறம் தான் உள்ள போகணும், முதல்லயே போட்டா விடிய விடிய வேகும்.

பச்சை ராஜ்மால லெக்டின்னு ஒரு நஞ்சு இருக்கு, அரைகுறையா வெந்தத நாலஞ்சு தின்னாலே வாந்தி வர வெச்சிடும். குறைஞ்சது அஞ்சு மணி நேரம் ஊறணும், ஊறின தண்ணிய கொட்டிட்டு புது தண்ணில பத்து நிமிஷமாவது தளதளன்னு கொதிக்கணும், அப்புறம் மெத்துனு ஆகுற வரைக்கும் வேகணும். மெதுவா வேக வைக்கிற ஸ்லோ குக்கர்ல நேரா போடக்கூடாது, அந்த சூடு நஞ்ச அழிக்கப் பத்தாது. நான் குக்கர்ல விசில் விட்டு கதைய முடிச்சேன்.

பாதிய இன்னைக்கு சோத்தோட, மீதிய ஆறவெச்சு பிரீசர்ல. தட்டையா பரப்பி உறைய வெச்சா அடுத்த தடவ வேணுங்கிறத மட்டும் ஒடிச்சு எடுத்துக்கலாம், கட்டியா வெச்சா சுத்தியல் தான் தேடணும்.

ஜூன் 8, ஞாயிறு

நேத்து ராத்திரி ஒரு கல்யாண சாப்பாடு, அடுப்பு லீவு.

இன்னைக்கு மிஞ்சினதெல்லாம் சூப். முட்டைகோஸ் தண்டு, ஒத்த கேரட், உடைஞ்ச நூடுல்ஸ் ரெண்டு விதமும். ரெண்டும் வேற வேற தடிமன், தடியானத முதல்ல போட்டுட்டு சன்னமானத பின்னாடி போட்டா ஒண்ணா வெந்துடும். உப்பு ரெண்டு பேரும் தனித்தனியா போட்டிருக்கோம் போல, கரிச்சுக் கொட்டிச்சு. அம்மா உடனே உருளைக்கிழங்க வெட்டி போடு, உப்ப இழுத்துக்கும்னாங்க. கிழங்கு உப்ப மட்டும் தனியா இழுக்காது, உப்புத் தண்ணிய தான் குடிக்கும், மிச்ச தண்ணி அதே கரிப்புல தான் நிக்கும். தண்ணி விட்டு, உப்பில்லாம வெந்த நூடுல்ஸ இன்னும் கொஞ்சம் சேத்தேன், அளவு கூடிச்சு, கரிப்பு போச்சு. எலுமிச்சை ஒரு மூடி பிழிஞ்சா இன்னும் சரியாயிருக்கும், வீட்ல இந்த வாரம் நிஜமாவே இல்லாம போன ஒரே சாமான் அது தான். புளிப்பு ஏதாவது ஒண்ணு இருந்துட்டா மிச்சத்த எப்படியும் ஒப்பேத்திடலாம்னு எனக்குத் தோணுது, முட்டை கூட ரெண்டாம் பட்சம்.

பிரிட்ஜ் இப்ப நல்லா வெளிச்சமா இருக்கு. நாளைக்கு கடைக்கு லிஸ்ட் போட்டோம்: எலுமிச்சை, முட்டை, தக்காளி, வெங்காயம். பையன் நூடுல்ஸ்னு எழுதச் சொன்னான், ஒரே விதமா இருந்தா சரின்னு மனைவி எழுதிட்டா. பொண்ணு மட்டும் லிஸ்ட்ட புரட்டி, பின்பக்கம் இந்த வாரத்து சாப்பாட்டுக்கெல்லாம் பேர் எழுதிட்டு இருக்கா, ராஜ்மாவுக்கு "டப்பா ராஜா".