ஒலிபெருக்கி இல்லாத மாலை

18 டிசம்பர் 2024, புதன்

இன்று மாலை ஒரு பெரிய சபாவில் கச்சேரி கேட்டேன். பாடகர் நன்றாகவே பாடினார். ஆனால் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பி ஒலிபெருக்கி வழியாக வந்து நெஞ்சில் இடித்தது. மேடையில் தம்புரா மீட்டிக்கொண்டிருந்த பெண்ணின் விரல்கள் அசைவதைக் கண்டேனே தவிர, அந்த நாதம் கடைசிவரை காதுக்கு எட்டவில்லை. வீடு திரும்பியதும் சித்தப்பா தொலைபேசியில் அழைத்து, "சனிக்கிழமை மைக் இல்லாத கச்சேரி, மயிலாப்பூர் லஸ் பக்கத்துல. ஐம்பது பேருக்குத்தான் இடம். முன்னாடியே வந்துடும்மா" என்றார்.

21 டிசம்பர், சனி, இரவு 11 மணி

லஸ் முனையில் மெட்ரோ ரயில் பணிக்காகப் பாதையைத் திருப்பிவிட்டிருந்ததால், ஆட்டோவை விட்டு இறங்கி நடந்தே போனேன். மாடியில் ஒரு சிறிய கூடம். தரையில் ஜமக்காளம், சுவரோரம் முதியவர்களுக்காகச் சில நாற்காலிகள். மேடைக்கும் முதல் வரிசைக்கும் இடையே நான்கடி கூட இருக்காது. சித்தப்பா எனக்காகத் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருந்தார்.

மிருதங்கக்காரர் ரவையைத் தண்ணீர் விட்டுக் குழைத்துத் தொப்பியின் நடுவில் அப்பி, தட்டிப் பார்த்து, கொஞ்சம் வழித்தெடுத்து, மறுபடி தட்டிப் பார்த்தார். பாடகி தம்புராவை மடியில் கிடத்திக்கொண்டு பஞ்சமம், இரண்டு சாரணி, மந்தரம் என்று ஒவ்வொரு தந்தியாகச் சேர்த்தார். மந்தரம் மட்டும் மொட்டையாக ஒலித்தது. தந்திகளைத் தாங்கும் குதிரை என்ற கட்டைக்கும் தந்திக்கும் நடுவே இருக்கும் ஜீவாளி என்னும் நூலை அவர் விரல் நுனியால் மயிரிழை அளவு நகர்த்தியதும், அதே தந்தி ரீங்காரத்தோடு விரிந்து கூடம் முழுவதும் நிறைந்தது. இத்தனை ஆண்டுகளாகக் கச்சேரி கேட்கும் நான், அந்த நூல் செய்யும் வேலையை இன்றுதான் இவ்வளவு அருகிலிருந்து கேட்டேன்.

தோடி ராக ஆலாபனை தொடங்கும் முன் யாரோ எழுந்து மின்விசிறியை நிறுத்தினார்கள். மந்தர ஸ்தாயியில் குரல் இறங்க இறங்க, உட்கார்ந்திருந்தவர்கள் தம்மை அறியாமலேயே முன்னால் சாய்ந்தார்கள். காந்தார ஸ்வரத்தில் நின்று அவர் அசைத்த கமகத்தின் ஒவ்வொரு வளைவும், அதற்கு முன் அவர் இழுத்த மூச்சும் கேட்டன. வயலின்காரர் வில்லின் அழுத்தத்தைக் குறைத்து, குரலுக்கு ஒரு படி கீழேயே நின்று நிழலாகத் தொடர்ந்தார். மிச்ர சாபு தாளத்தில் மிருதங்கம் மட்டும் ஒலித்த தனி ஆவர்த்தனம் எனக்குச் சற்று நீளமாகப் பட்டது என்றாலும், வலந்தலைக்கும் தொப்பிக்கும் உரிய வெவ்வேறு நாதங்கள் தனித்தனியாகத் துலங்கின.

22 டிசம்பர், ஞாயிறு

காலையில் காப்பியோடு சித்தப்பாவுடன் இதே பேச்சு. 1933இல் மறைந்த நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா போன்றவர்கள் அவ்வளவு உயர்ந்த சுருதியில் பாடியதற்கு, கடைசி வரிசைக்கும் குரல் போய்ச் சேர வேண்டும் என்ற தேவையும் ஒரு காரணம். ஒலிபெருக்கி வந்த பிறகுதான் சுருதியைத் தாழ்த்தி நிதானமாகப் பாடுவதற்கும் மென்மையான குரல்களுக்கும் பெரிய மேடையில் இடம் கிடைத்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் மைக் வேண்டாம் என்று ஏன் அத்தனை பிடிவாதமாக இருந்தார் என்பது நேற்று எனக்கு விளங்கியது. வாத்தியத்தின் நாதத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் வாசிப்பவருடைய விரலிலேயே இருக்க வேண்டும். ஐம்பது பேர் அமரும் கூடத்திலும் இன்று ஒலிபெருக்கி வைத்துவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

28 டிசம்பர், சனி

அதே கூடத்தில் இன்று புல்லாங்குழல். மழைத் தூறலால் கூட்டம் குறைவு, ஆனால் நிறைவான கச்சேரி. இடைவேளையில் தம்புரா மீட்டியவரிடம், பாட்டியின் பழைய தஞ்சாவூர்த் தம்புரா எங்கள் வீட்டுப் பரணில் கிடப்பதைச் சொன்னேன். பலா மரக் குடம் விரிசல் விடாமல் இருந்தால், தந்திகளை மாற்றினாலே போதும் என்றார். வந்ததும் ஏணி போட்டு இறக்கித் துடைத்தேன். தந்திகள் துருவேறிவிட்டன, குடத்தில் விரிசல் இல்லை. பாட்டி வைத்த ஜீவாளிகளில் ஒன்று, பழுப்பேறிப்போய், குதிரையின் மேல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. திங்கட்கிழமை தந்தி மாற்றக் கொண்டுபோகிறேன்.