முட்டை ஓட்டில் தெரியும் கோழிச் சண்டை

வீட்டுக் கொல்லையில் நாட்டுக்கோழி வளர்ப்பவர்களுக்கு வழக்கத்துக்கு மாறான முட்டை ஒன்று கிடைத்துவிட்டால், பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது. வீட்டுப் பெரியவர்கள் அதைக் கெட்ட சகுனம் என்று சொல்லித் தூரப் போடச் சொல்கிறார்கள். இளையவர்களோ உடனே மருந்துக்கடைக்குப் போய்க் கால்சியம் டானிக் வாங்கி வந்து தண்ணீரில் கலக்கிறார்கள். இரண்டையும்விட முன்னதாகச் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு என்பது என் கருத்து. முந்தைய நாள் கூட்டுக்குள் என்ன நடந்தது என்று யோசித்துப் பார்க்க வேண்டும். கோழியின் உடலுக்குள் ஒரு முட்டை உருவாகி வெளிவர ஏறத்தாழ 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது. அதில் 20 மணி நேரம் ஓடு உருவாவதற்கே போய்விடுகிறது. ஆகவே இன்று காலையில் நாம் எடுக்கும் முட்டையின் ஓடு, நேற்றைய பகலும் இரவும் அந்தக் கோழிக்கு எப்படிக் கழிந்தன என்பதைத் தன்மேல் தாங்கியே வருகிறது.

எங்கள் வீட்டுச் செவலைக்கோழி எப்போதும் மங்கிய பழுப்பு நிறத்தில், கையில் எடுத்தால் வழுவழுப்பாக இருக்கும் முட்டையையே இடும். புதிதாக வாங்கிய விடைக்கோழிகளை, அதாவது முட்டையிடும் பருவத்தை எட்டும் இளம் பெட்டைகளை, பழைய கூட்டத்தோடு சேர்த்துவிட்ட மறுநாள், அது இட்ட முட்டையின் மேல் யாரோ சுண்ணாம்பைத் தொட்டுத் துடைத்ததுபோல வெள்ளைப் பொடி படர்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் பொடி உதிர்ந்து அடியில் பழைய பழுப்பு தெரிந்தது. அதற்கடுத்து வந்த முட்டை ஒரு பக்கம் சப்பையாக, நடுவில் சுருக்கத்தோடு இருந்தது. கோழி நன்றாக மேய்ந்தது, கொண்டை சிவப்பாகவே இருந்தது, எச்சத்திலும் குறையில்லை.

நடந்தது இதுதான். ஓட்டின் நிறம் கடைசிச் சில மணி நேரங்களில்தான் படிகிறது. முட்டை வெளிவரத் தயாரான நேரத்தில் கோழி மிரண்டுபோனாலோ, முட்டையிடும் இடத்துக்குப் போகவிடாமல் வேறு கோழி தடுத்தாலோ, அது முட்டையை உள்ளேயே நிறுத்திக்கொள்ளும். முட்டை உள்ளே இருக்கும்வரை ஓட்டுப்பையில் சுண்ணம் சுரந்துகொண்டே இருப்பதால், ஏற்கெனவே படிந்த பழுப்பு நிறத்தின் மேல் வெள்ளையாக இன்னொரு பூச்சு ஏறிவிடுகிறது. இதற்குள் அடுத்த முட்டையும் பின்னால் வந்து சேர்ந்துவிட்டால், இரண்டும் ஒன்றையொன்று அழுத்தி, ஓடு இறுகாத பின்முட்டை சப்பையாகிப் போகிறது. இதற்கு நேர்மாறாக, இரவில் நாயோ கீரியோ கூட்டைச் சுற்றிவந்து கோழிகள் அலறிய நாளில், ஓடு முழுமையாகப் படியும் முன்பே முட்டை வெளியே தள்ளப்பட்டுத் தோல்முட்டையாக விழுவதும் உண்டு. இரவில் கோழிகள் அடையும் கம்புக்கு நேர் கீழே எச்சத்தின் நடுவில் தோல்முட்டை கிடந்தால், கால்சியம் குறைவு என்று முடிவுகட்டும் முன் கூட்டின் வலையில் ஓட்டை இருக்கிறதா என்று நான் பார்ப்பது வழக்கம்.

செவலையை முட்டையிட விடாமல் தடுத்தது யார் என்பதற்கு விடை கோழிகளின் வரிசையில் இருக்கிறது. நார்வே நாட்டைச் சேர்ந்த தோர்லைஃப் ஷெல்டரப்-எபே என்பவர் கோழிகளைச் சிறுவயதிலிருந்தே கூர்ந்து கவனித்து, ஒரு கூட்டத்தில் எந்தக் கோழி எந்தக் கோழியைக் கொத்தலாம் என்பதற்கு நிலையான ஒழுங்கு இருப்பதை 1920களின் தொடக்கத்தில் எழுதி வெளியிட்டார். முதலிடத்துக் கோழி எல்லாவற்றையும் கொத்தும். கடைசி இடத்துக் கோழியை எல்லாம் கொத்தும். வரிசை உறுதியாகிவிட்ட கூட்டத்தில் சண்டை மிகக் குறைவு, ஏனெனில் ஒரு பார்வையிலேயே கீழே உள்ளது விலகிவிடும். புதிய கோழிகள் நுழைந்ததும் இந்த ஒழுங்கு முழுவதும் கலைந்து, ஒவ்வொன்றும் தன் இடத்தை மறுபடியும் கொத்திப் பெறவேண்டியதாகிறது. எங்கள் கூட்டத்தில் கருப்பிதான் முதலிடம். விடைக்கோழிகள் வந்த மறுநாள் அது முட்டையிடும் கூடையின் வாயிலில் நின்றுகொண்டு யாரையும் அண்டவிடவில்லை. நடுவரிசையில் இருந்த செவலை, கூடையைச் சுற்றிச் சுற்றி நடந்து, முனகி, கடைசியில் சாயங்காலம் வைக்கோல் போருக்கு அடியில் போய் இட்டுவிட்டு வந்தது.

இரவில் கம்பின் மேல் வைத்துவிட்டால் காலையில் கோழிகள் புதியவற்றை ஏற்றுக்கொண்டுவிடும் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கோழிகளால் தம் கூட்டத்தில் உள்ளவற்றை முகம் பார்த்து அடையாளம் காண முடியும் என்பதால், விடிந்ததும் சண்டை தொடங்கிவிடுகிறது. நடுவில் வலை கட்டி, ஒன்றையொன்று பார்க்கலாம் ஆனால் கொத்த முடியாது என்ற நிலையில் ஒரு வாரம் வைத்திருப்பதும், சேர்த்துவிடும் நாளில் தீனியையும் தண்ணீரையும் இரண்டு மூன்று இடங்களில் பிரித்து வைப்பதும்தான் பலன் தருகின்றன. ஒற்றைக் கோழியைச் சேர்ப்பதைவிட இரண்டு மூன்றாகச் சேர்ப்பது நல்லது. எல்லாக் கொத்தும் ஒரே முதுகில் விழாது.

கூடைகள் நான்கு இருந்தும் எல்லாக் கோழிகளும் ஒரே கூடைக்காக வரிசையில் நிற்பதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இருக்க முடியாது. ஏற்கெனவே முட்டை கிடக்கும் இடம் கோழிக்குப் பாதுகாப்பான இடமாகத் தோன்றுகிறது. மற்றக் கூடைகளில் சுண்ணாம்பாலோ மரத்தாலோ செய்த போலி முட்டை ஒன்றை வைத்துவிட்டால் நெரிசல் குறையும். கருப்பி போன்ற காவல்காரிகளின் அதிகாரமும் ஓரளவு குறையும்.

சில மாற்றங்களுக்குச் சண்டையும் காரணமல்ல, நோயும் காரணமல்ல. முட்டை உருவாக 24 மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும் என்பதால், காலை எட்டு மணிக்கு இட்ட கோழி மறுநாள் ஒன்பதுக்கும் அதற்கடுத்த நாள் இன்னும் தாமதமாகவும் இட்டு, பிற்பகலை எட்டியதும் ஒரு நாள் இடாமல் விட்டு, மறுபடி காலையிலிருந்து தொடங்கும். சித்திரை, வைகாசி வெயிலில் கோழிகள் வாயைத் திறந்து மூச்சிரைக்கும்போது உடலிலிருந்து கரியமில வாயு அதிகமாக வெளியேறி, ஓட்டுக்குத் தேவையான கார்பனேட் குறைந்துவிடுவதால் ஓடு மெலிகிறது. அப்போது கிளிஞ்சல் தூளோடு நிழலும் குளிர்ந்த தண்ணீரும் மிகவும் அவசியம். புதிதாக முட்டையிடத் தொடங்கும் விடைக்கோழி இரட்டைக்கரு முட்டையோ, கருவே இல்லாத கோலிக்குண்டு அளவு முட்டையோ இடுவதும் இயல்பானதே. ஆனால் ஒன்றல்ல, கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் சுருக்கம் விழுந்த முட்டைகளை இட்டு, கூடவே மூக்கொழுகலும் கரகரவென்ற மூச்சும் இருந்தால் அது மூச்சுக்குழல் தொற்றாக இருக்கலாம். ஒரு கோழி வாலைத் தாழ்த்தி, வயிறு கனத்து, அகலக் கால் வைத்து நடந்தால் முட்டை உள்ளே சிக்கியிருக்கலாம். இந்த இரண்டுக்கும் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் கால்நடை மருத்துவரிடம் போவதே சரி.

சேவலை விற்ற பிறகு கருப்பி கூவத் தொடங்கியதுதான் எங்கள் தெருவில் பெரிய பேச்சாகிவிட்டது. பெட்டைக்கோழி கூவினால் குடும்பத்துக்கு ஆகாது, அறுத்துவிடு என்று பக்கத்து வீட்டு அத்தை ஒவ்வொரு நாளும் மதில் மேல் கைவைத்துக்கொண்டு சொல்லிவந்தார். கருப்பியின் கூவல் சேவலின் கூவலைப்போல நீண்டு ஏறி இறங்காது. பாதியில் தொண்டை அடைத்து நின்றுவிடும். மற்றப் பெட்டைகளின் மேல் ஏறி மிதிப்பதையும் அது பழகிக்கொண்டது. சேவல் இல்லாத கூட்டத்தில் முதலிடத்துப் பெட்டை சேவலின் வேலைகளை எடுத்துக்கொள்வது அபூர்வமல்ல. ஆண்தன்மை தரும் சுரப்பு எல்லாப் பெட்டைகளின் உடலிலும் கொஞ்சம் இருக்கவே செய்கிறது. முட்டையிடும் காலத்தில் பெட்டையின் கொண்டை சிவப்பதே அதனால்தான்.

உண்மையாகவே உடல் மாறுகிற கோழிகளும் உண்டு. பெட்டைக்கோழிக்கு இடப்பக்கச் சினைப்பை மட்டுமே வேலை செய்கிறது. அது நோயால் கெட்டுப்போனால், வளராமல் கிடந்த வலப்பக்க உறுப்பு வளர்ந்து ஆண்சுரப்பைத் தரத் தொடங்கலாம். அப்படிப்பட்ட கோழி முட்டையிடுவதை நிறுத்திவிடும். கொண்டை பெருக்கும், காலில் முள் வளரும், அடுத்த இறகுதிர்வுக்குப் பின் சேவலுக்குரிய இறகுகள் முளைக்கும். இரண்டையும் பிரித்தறியக் கோழியைக் கையில் எடுத்து, பின்புறத் துளைக்கு இருபுறமும் உள்ள எலும்புகளுக்கு நடுவே விரல்களை வைத்துப் பார்த்தால் போதும். இரண்டு மூன்று விரல்கள் தாராளமாக நுழைந்தால் அது முட்டையிட்டுக்கொண்டிருக்கும் கோழி. ஒரு விரலே நுழைய இடமில்லையென்றால் முட்டை நின்றுவிட்டது என்று பொருள். கருப்பியிடம் மூன்று விரல்கள் நுழைந்தன. அதைப் பார்த்த பிறகு அத்தையின் பேச்சு அறுப்பதிலிருந்து அடைவைப்பதற்கு மாறியது: சேவலே இல்லாமல் இது இடும் முட்டை பொரிக்குமா என்று கேட்டார். பெட்டை தன் உடலுக்குள் சேவலின் விந்தைச் சேமித்து வைத்துக்கொள்ளும் என்பதால், சேவல் போன முதல் வாரத்து முட்டைகள் பெரும்பாலும் பொரிக்கும், இரண்டாவது வாரத்தில் அது குறையும், அதன்பின் இடுபவை பெரும்பாலும் கூமுட்டைதான் என்று சொன்னேன். அடுத்த முறை விற்பதாக இருந்தால் முன்கூட்டியே சொல், அந்த வாரத்து முட்டைகள் எனக்கு என்று அத்தை முன்பதிவு செய்துவிட்டுப் போனார்.