ஓட்டை போட்டால் மட்டும் போதாது

உடுமலைப் பக்கம் தை, மாசியில் மக்காச்சோள அறுப்பு. களம், ரோட்டோரம் எல்லாம் மஞ்சளாகக் கிடக்கும். பல்லடத்துக் கோழிப் பண்ணைகளுக்குப் போனது போக, எங்கள் கறவை மாட்டுக்கும் வெள்ளாட்டுக்கும் நாட்டுக்கோழிக்கும் என்று சில மூட்டைகளை நிறுத்திக்கொள்வோம். அடுத்த ஐப்பசி மழை வரை அதை எதில் வைப்பது, எப்படி எடுப்பது என்பதுதான் தலைவலி.

நாங்கள் நீல டிரம்முக்கு மாறிவிட்டோம். 200 லிட்டர் டிரம்மில் 140 கிலோ சொச்சம் கொள்ளும்; 50 கிலோ மூட்டை மூன்று கொட்டினால் மூன்றாவதில் கொஞ்சம் மிஞ்சும். இரும்பு வளையம் போட்டு இறுக்குகிற மூடி இருந்தால் எலிக்கு வேலையில்லை. வாங்கும்போது முன்னால் அதில் என்ன இருந்தது என்று கேளுங்கள். சாயப்பட்டறை டிரம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டவே வேண்டாம்.

ஆனால் ஈரச்சோளத்துக்கு டிரம்மைவிடச் சாக்கே மேல். சாக்கில் கொஞ்சமாவது காற்றாடும். டிரம்முக்குள் பகல் சூட்டில் கிளம்பும் ஈரம் ராத்திரிக் குளிரில் மூடிக்கு அடியில் வியர்த்து, மேல்சோளத்தில் சொட்டும். பூஞ்சணம் அங்கேதான் பிடிக்கும். கொட்டுவதற்கு முன்னால் உப்பு வைத்துப் பார்த்துக்கொள்வேன். காய்ந்த கண்ணாடி பாட்டிலில் ஒரு பிடி சோளம், கொஞ்சம் நன்றாகக் காய்ந்த தூள் உப்பு. மூடிக் குலுக்கிவிட்டுச் சிறிது நேரம் வைக்க வேண்டும். உப்பு பாட்டிலின் உள்பக்கம் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் என்று அர்த்தம்; திரும்பக் களத்துக்குப் போக வேண்டியதுதான். ஒட்டாமல் உதிர்ந்த பிறகும் ஒரு வெயில் சேர்த்தே காட்டுவேன்.

கொஞ்சம் பூஞ்சணம்தானே, மாடு தின்னட்டும் என்பார்கள். 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிக் குஞ்சுகள் லட்சத்துக்கு மேல் செத்தன. காரணம் தேடிப் போனபோது தீவனத்தில் இருந்த கடலைப் புண்ணாக்கில் வந்து நின்றது. அஃப்ளாடாக்சின் என்கிற பூஞ்சண நஞ்சைக் கண்டுபிடித்ததே அப்படித்தான். மாடு தின்றால் அதில் ஒரு பங்கு பாலில் இறங்கும். அந்தப் பாலைத்தான் நம் வீட்டுப் பிள்ளைகளும் குடிக்கின்றன.

சரி, எடுக்கிற விஷயத்துக்கு வருகிறேன். அம்மாயி வீட்டுக் குதிரில் மேலே கொட்டுவார்கள், அடியில் துணி அடைத்த ஓட்டையைத் திறந்து முறத்தில் பிடிப்பார்கள். அதைப் பார்த்து வளர்ந்ததால் டிரம்மின் அடிப்பக்கத்தில் வட்டமாக வெட்டி, நாலு அங்குல பிவிசி பைப் துண்டு சொருகி, மூடி போட்டாயிற்று. டிரம் ஹாலோ பிளாக் மேல் லேசாகச் சாய்ந்து நிற்கிறது. மூடியைக் கழற்றினால் சோளம் சரசரவென்று வாளியில் விழும்.

இதனால் பழசுதான் முதலில் வெளியே வரும் என்று நினைத்தால் அது தப்புக் கணக்கு. மேலிருந்து எட்டிப் பாருங்கள். ஓட்டைக்கு நேர் மேலே புனல் மாதிரி குழி விழுந்து, மேல்மட்டத்துச் சோளம் அதன் வழியாகத்தான் இறங்கும். ஓரத்தில் இருப்பது அசையாது. பாதி காலியானதும் புது மூட்டையை மேலே கொட்டினால் புதுசுதான் முதலில் வரும். ஓரத்துப் பழசு வண்டு பிடிக்கும் வரை அங்கேயே கிடக்கும். அதனால்தான் இரண்டு டிரம். ஒன்றை அடியோடு வழித்து, கூட்டி, வெயிலில் கவிழ்த்த பிறகே திரும்ப நிரப்புவது. தவிட்டுக்கு இந்த ஓட்டை வேலையே உதவாது. உள்ளே வளைவு கட்டி நின்றுகொள்ளும், தட்டித் தட்டிக் கை வலிக்கும். அதற்கு வாயகன்ற தொட்டிதான் சரி.

அளப்பதில் எனக்கும் மாமியாருக்கும் தினமும் பஞ்சாயத்து. "மாட்டுக்குப் போடறதையும் தராசுல வெப்பியா கண்ணு?" என்பார். தினமும் வைக்க வேண்டாம் அத்தை, ஒரு தடவை வைத்தால் போதும் என்பேன். ஒரு லிட்டர் மக்கில் சோளம் 700 கிராமுக்கு மேல் நிற்கும். அதே மக்கில் கோதுமைத் தவிடு கால் கிலோ பக்கம்தான். "ரெண்டு மக்கு போட்டேன்" என்றால் எதில் ரெண்டு? இப்போது ஒவ்வொரு தீவனத்துக்கும் தனி மக், வெளியே பெயிண்டில் ஒரு கோடு. யார் போட்டாலும் கோடு வரைதான்.

சோளத்தை முழுசாகவே வைத்து, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் மில்லில் உடைத்து வருகிறோம். உடைத்த குருணையில் வண்டும் காரலும் சீக்கிரம் வந்துவிடும்.

தீவன அறைக்கு மேல் தாழ்ப்பாள் வையுங்கள். ஆடோ மாடோ தானியத்தை ஒரே மூச்சில் மொக்கிவிட்டால் வயிறு புளித்து, உப்பி, படுத்துவிடும், செத்தும் போகும். பொங்கல் அன்று மிஞ்சின சோற்றை அள்ளி வைப்பதாலும் இதேதான் நடக்கிறது. எங்கள் வீட்டில் கீழ்த் தாழ்ப்பாளும் இருக்கிறது. அதைக் கிடாய் மூக்காலேயே நெம்பித் திறந்துவிடும்.