முசுறு வேடம்: படுகை நாட்குறிப்பு

ஜூன் 14

கொள்ளிடப் படுகையை ஒட்டிய மாந்தோப்பு. காய் பறிப்பு ஓய்ந்துவிட்டது, முசுறு எறும்பு மட்டும் மரத்தை விட்டு இறங்குவதாக இல்லை. கிளைக்குக் கிளை இலைகளை இழுத்துத் தைத்த கூடுகள். ஒரு கூட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, இலை மேல் தனியாக ஒன்று. அதே செம்மஞ்சள், அதே ஒடுங்கிய இடுப்பு. விரலை நீட்டினேன். முசுறாக இருந்தால் வாயைத் திறந்துகொண்டு எதிர்த்து நிற்கும். இது இலைக்கடியில் நழுவி, ஒரு நூலில் தொங்கியது!

ஜூன் 15

லென்ஸோடு போனேன். கால் எட்டு. முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்பு போலத் தூக்கி ஆட்டிக்கொண்டு மீதி ஆறில் நடக்கிறது. தலையின் பக்கவாட்டில் இரண்டு கரும்பட்டை, எறும்பின் கூட்டுக்கண் என்று நம்பவைக்க. நிஜக் கண்கள் வேறு, அவையும் எட்டு. முன்னால் உள்ள பெரிய ஜோடியைத் திருப்பி என்னையே பார்த்தது. எந்த எறும்பும் ஆளை அப்படிப் பார்த்ததில்லை.

குதிக்கும் சிலந்திக் குடும்பம்தான். உலகத்தில் 6000 வகைக்கு மேல் உண்டு. இதன் பெயர் மிர்மாப்ளாட்டா பிளாட்டலியாய்டஸ். இலங்கையில் கிடைத்ததை வைத்து 1869ல் சிலந்தி ஆய்வாளர் பிக்கார்ட்-கேம்பிரிட்ஜ் முதலில் விவரித்தார். வலை பின்னி இரை பிடிப்பதில்லை. குதிப்பதும் அபூர்வம், மிரண்டால்தான். குதித்தால் வேடம் கலைந்துவிடுமே.

ஜூன் 17

குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் முறை. தோப்புப் பக்கம் போகவில்லை.

ஜூன் 20

இன்று ஆண். முகத்துக்கு முன்னால் நீளமாக ஒரு பெரிய தாடை. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு முசுறு இன்னொரு முசுறைத் தூக்கிப்போவது மாதிரியே இருக்கிறது. இரண்டு ஆண்கள் எதிர்ப்பட்டால் இந்தத் தாடையை விரித்துக்கொண்டுதான் மோதும். ஆனால் இந்தத் தாடைக்குக் கொடுக்கும் விலை அதிகம். எறும்பென்றால் ஒதுங்கும் எதிரிகளிடம் தப்பலாம். எறும்பையே தின்னும் எதிரிகளோ சுமை தூக்கிய எறும்பைத்தான் விரும்பித் தேடுகின்றன. அதன் வாய்தான் நிறைந்திருக்கிறதே, எப்படிக் கடிக்கும்? இரண்டு கையிலும் குடத்தோடு வருகிறவனிடம் நாய்க்குத் துணிச்சல் வருவது போலத்தான். இதில் இன்னொன்று, இந்த வகை ஆணின் பல்லில் விஷம் போக வழியே இல்லை. இரையைக் குத்திக் கோத்துப் பிடிக்க வேண்டும். பெண்ணுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது, எனக்கென்னவோ அதன் வேடம்தான் கச்சிதம்.

ஜூன் 23

தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் பெரியப்பாவிடம் காட்டினேன். "முசுறுல ஏதுடா சிலந்தி? எல்லாத்துக்கும் மருந்தடிச்சா தீர்ந்துச்சு" என்றார். அப்புறம் லென்ஸை வாங்கிக்கொண்டு வெகுநேரம் திருப்பித் தரவில்லை.

அவர் பார்த்துக்கொண்டிருந்தபோதே நிஜ முசுறு ஒன்று கிட்டே வந்தது. சிலந்தி சட்டென்று விலகி இலையின் மறுபக்கம் போய்விட்டது. முசுறுவைத் தின்ன இந்த வேடம் இல்லை, அதன் இரை வேறு சின்னப் பூச்சிகள். முசுறுவிடம் சிக்கினால் அதற்கே ஆபத்து. பறவையும் குளவியும் முசுறின் கடி, அமிலம் இரண்டுக்கும் பயந்து ஒதுங்கும் இடத்தில், அந்தப் பயத்தின் ஓரமாகக் குடியிருக்கிறது, அவ்வளவுதான்.

"சரி, கெழக்கு வரிசையை விட்டுடுறேன்" என்றார் பெரியப்பா. மேற்கு வரிசைக்கு நாளை மருந்து.