வாழைமர நோட்டும் ஒரு வங்கிக் கவுண்டர் பதிலும்

நாகப்பட்டினம் பக்கத்து வங்கிக் கிளைகளில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த நோட்டு புதிதல்ல. மலாயா போய்வந்த குடும்பங்களின் டிரங்குப் பெட்டியிலிருந்து எப்போதாவது ஒரு கட்டு வந்து சேரும். நகைக்கடன் புதுப்பிக்க வந்த வயதான அம்மா, நகைச் சீட்டோடு சேர்த்து நீட்டியதும் அதுதான். இரண்டாம் உலகப் போரில் மலாயாவைப் பிடித்து வைத்திருந்தபோது ஜப்பான்காரன் அச்சடித்த பத்து டாலர்.

"இதுக்கு இப்ப எவ்வளவு வரும் தம்பி?"

"இது செல்லாதும்மா. பழைய நோட்டு சேக்குறவங்க யாராவது வாங்குனாத்தான் உண்டு."

"எங்கப்பா பால்மரம் வெட்டி வாங்குன கூலிப்பா."

அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டேன்.

விதிப்படி அந்தப் பதிலில் குறையில்லை. கிழிந்த நோட்டு, நைந்த நோட்டுக்கான ரிசர்வ் வங்கி விதிகள் இந்திய நோட்டுக்கு மட்டும்தான். வெளிநாட்டு நோட்டு என்றால் அது தன் நாட்டில் நடப்பில் இருக்க வேண்டும். இது எங்கேயும் நடப்பில் இல்லை. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் மலாயாவுக்குத் திரும்பியபோதே ஜப்பான் நோட்டுக்கு மதிப்பில்லை என்று தள்ளிவிட்டார்கள். 2016-ல் நம் ஊரில் 500, 1000 ரூபாய் நோட்டுகளை நிறுத்தியபோது அடித்துப் பிடித்தாவது மாற்றிக்கொள்ளத் தவணை இருந்தது. அங்கே அதுவும் கிடையாது. ஆகவே செல்லாது என்றது சரி. பின்னால் வரிசையும் நீளமாக இருந்தது.

உறுத்துவது அந்த நோட்டுதான். கையில் வாங்கியதும் கேஷியர் கண் முதலில் தேடுவது வரிசை எண்ணை. இதில் எண் இல்லை, வெறுமனே 'எம்பி' என்று இரண்டு எழுத்து. முதலில் வந்தவற்றில் எண் இருந்தது. போகப்போக எழுத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். எம்மில் தொடங்கினால் மலாயா, எஸ் என்றால் டச்சு இந்தோனேசியா. பர்மாவுக்கு அடித்ததில் 'ரூபாய்' என்றே இருக்கும், அதைப் பார்த்துவிட்டு நம் ரூபாய் என்று நினைத்து வருகிறவர்களும் உண்டு. குலை தள்ளிய வாழைமரப் படத்துக்கு மேலே, கொண்டுவருபவர் கேட்டவுடன் தருவதாக ஜப்பான் அரசாங்கம் உறுதி கூறுகிறது என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கிறது. எண் போடாத நோட்டில் உறுதிமொழி! எத்தனை அடித்தோம் என்ற கணக்கே வேண்டாம் என்று முடிவெடுத்தவன்தான் அப்படி அச்சடிப்பான். கள்ள நோட்டு அடிப்பவனுக்கும் அது வசதி, அடித்தார்கள்.

ஜப்பானிடம் சிங்கப்பூர் விழுந்தது 1942 பிப்ரவரி 15. அதற்குமுன் மலாயாவின் ரப்பரும் ஈயமும் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போய்க்கொண்டிருந்தன. அந்தச் சந்தை ஒரே அடியில் மூடியது. அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் (இன்றைய தாய்லாந்து) வரவேண்டியது. கப்பல்களைப் படை எடுத்துக்கொண்டது. வருமானமும் இல்லை, சரக்கும் இல்லை. ஆனால் படைக்கு வேண்டிய எல்லாவற்றையும் அச்சடித்த காகிதம் கொடுத்தே வாங்கினார்கள். சரக்கு குறையக் குறைய நோட்டு கூடினால் விலை என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. 1945 நடுவில் கறுப்புச் சந்தை அரிசி, போருக்கு முந்தைய விலையைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு. ஜனங்கள் மரவள்ளிக்கு மாறினார்கள்.

ஜப்பான் நிர்வாகத்துக்கு இது தெரியாமல் இல்லை. வெளியே திரியும் நோட்டை உள்ளே இழுக்க லாட்டரி நடத்தினார்கள். சேமிப்பு இயக்கம் என்று ஊர் ஊராகச் சொல்லிச் சொல்லி டெபாசிட் கட்டவைத்தார்கள். சீனச் சமூகத்திடம் 5 கோடி டாலர் 'அன்பளிப்பு' கேட்டு, திரட்ட முடியாத பாக்கியை ஜப்பானின் யோகோஹாமா ஸ்பெஷி வங்கியில் அவர்களையே கடன் வாங்கிக் கட்டச் சொன்னார்கள். ரப்பர் தோட்டத்துத் தமிழர்களிடம் பறிக்கப் பணம் கிடையாது, ஆளைப் பிடித்தார்கள். ஜப்பான் படை போட்ட சயாம்–பர்மா ரயில் பாதைக்குப் போனவர்களில் திரும்பாதவர்களின் கதை கீழ்வேளூர், திருமருகல் பக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு.

போருக்கு முன் தோட்டத்தில் ஆணுக்கு நாள் கூலி 50 காசு அளவில் இருந்தது. அந்தக் கணக்கில் பத்து டாலர் என்பது 20 நாள் உழைப்பு. வழக்கமாக இந்தப் பணம் பெட்டியில் தங்காது, மணியார்டராக நாகப்பட்டினத்துக்கு வந்துவிடும். 1941 டிசம்பரில் போர் தொடங்கி, மலாயா விழுந்ததும் தபாலும் கப்பலும் நின்றன. அனுப்ப வழியில்லாததால் சேர்ந்ததுதான் அந்தக் கட்டு. இங்கே டெல்டாவில் அதே சமயம் பர்மா அரிசி நின்று நெல் விலை ஏறிக்கொண்டிருந்தது. நெல் விளையும் ஊரிலேயே மலாயாப் பணத்தை நம்பியிருந்த கூலிக் குடும்பம் அரிசிக்குத் திண்டாடியது. இதைத் தஞ்சாவூர்க்காரர்களே நம்ப மறுப்பார்கள். நிலம் இல்லாதவனுக்கு வயல் எத்தனை பச்சையாக இருந்தால் என்ன?

இதற்குப் பிறகு வருவதுதான் எனக்கு ஜீரணமாகவில்லை. அந்த நோட்டுக்கு மதிப்பே இல்லை என்று சட்டம் முழுமையாகச் சொல்லிவிடவில்லை. போருக்கு முன் பட்ட கடனை ஜப்பான் நோட்டில் கட்டித் தீர்த்தவர்கள் ஏராளம். கடன் கொடுத்தவர்கள், செட்டியார் கடைகள் உட்பட, அதைச் செல்லாப் பணம் என்று மறுத்தால் என்ன செய்வது? அதற்காக 1948-ல் மலாயாவில் கடனாளி–கடன் கொடுத்தோர் (ஆக்கிரமிப்புக் காலம்) சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். தொடக்கக் காலத்தில் கட்டியது கட்டியதாகவே கணக்கு. பின்னால், பணம் சரிந்த காலத்தில் கட்டியதை மாதவாரி அட்டவணை போட்டு, அன்றைய மதிப்புக்குக் குறைத்து வரவு வைத்தார்கள்.

நியாயமான ஏற்பாடு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஒப்பந்தங்களை அந்தரத்தில் விட முடியாது. ஆனால் அதன்படி பார்த்தால், ஒரே கட்டிலிருந்து பிரிந்த இரண்டு நோட்டில், 1942-ல் கடனுக்குப் போனது நல்ல பணம், பெட்டிக்குப் போனது காகிதம். கடன்பட்டவன் தப்பித்தான், ஊருக்கு அனுப்பக் காத்திருந்தவன் மாட்டிக்கொண்டான். ஜப்பானிடமிருந்தும் எதுவும் வரவில்லை. ஹாங்காங்வாசிகள், ஜப்பான் அங்கே புழங்கவிட்ட ராணுவ யென் நோட்டுக்கு ஈடு கேட்டுப் போட்ட வழக்கை டோக்கியோ நீதிமன்றம் 1999-ல் தள்ளியது. போர்க்காலக் கொடுமைகளுக்காக மலேசியாவோடு 1967-ல் செய்துகொண்ட உடன்பாடு சரக்குக் கப்பல்களாக முடிந்தது. பெட்டியில் நோட்டு வைத்திருந்தவர் யாருக்கும் அதில் பங்கில்லை.

இதையெல்லாம் அந்த அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டுமா? கேட்டது தொகையை, காரணத்தை அல்ல என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். சொல்லியிருந்தால், உங்கப்பா அதைச் செலவழித்திருந்தால் பிழைத்திருப்பார் என்று பொருளாகும். எழுபது வருஷம் கழித்து ஒரு வங்கிக்காரன் சொல்லவேண்டிய சேதியா அது? அதற்காக, கூலி என்று அவர் சொன்னதற்கு ஒரு 'ஆமாம்மா' கூடப் போடாமல் டோக்கனைக் கூப்பிட்டது சரிதானா என்றால், வரிசையைக் காரணம் காட்டுவேன். அந்தக் காரணம் எனக்கே முழுசாகப் போதவில்லை.

இப்போது இந்த நோட்டு வந்தால் கொஞ்சம் நேரம் ஒதுக்குகிறேன். எண் உள்ளதா என்று பார்க்கச் சொல்கிறேன், எண் உள்ளதைச் சேகரிப்பவர்கள் அதிகம் தேடுவார்கள். எழுத்து மட்டும் உள்ளது ஏராளமாகக் கிடைப்பதால் பெரிய விலை போகாது, கோடிக்கணக்கில் வாங்குகிறார்கள் என்று வரும் வாட்ஸாப் செய்தியை நம்பி முன்பணம் கட்ட வேண்டாம். லேமினேட் செய்யாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். 1948 சட்டத்தைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. சொன்னால்தான் முறை என்று பக்கத்துக் கவுண்டர் நண்பர் வாதாடுகிறார். வருகிறவர்களுக்கு நடந்தது தெரியட்டும், அவர்கள் அப்பன் ஏமாளி இல்லை என்று அதிலிருந்தே புரியும் என்பது அவர் கட்சி. எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. தவிர, அதே கையோடு குறுவைப் பணத்தை வீட்டில் வைக்காதீர்கள், டெபாசிட்டில் போடுங்கள் என்று நோட்டீஸும் கொடுக்க வேண்டியிருக்கிறது.