இலக்கியம்பட்டி மாடி, ஜூலை

ஜூலை 5, சனி

ஐயா வீட்டு மாடியில் கல்லூரிப் பிள்ளைகளின் சனிக்கிழமைக் கூடுகை. பாட்டு, ஜெபம், செய்தி எல்லாம் வழக்கம்போல. கேள்வி நேரத்தில் பென்னாகரம் தம்பி எழுந்தான். வாயைக் கையால் மறைத்தபடிதான் எப்போதும் பேசுவான். இன்றைக்குக் கையை எடுத்துவிட்டே கேட்டான்.

"எங்க ஊரு போர் தண்ணியில ஃப்ளோரைடு இருக்குதுங்க. அந்தப் பாறை யாரும் பாவம் செஞ்சதால வந்தது இல்ல. கர்த்தர் படைச்சதுதானே? அதக் குடிச்ச சின்னப் பசங்க பல்லு ஏன் இப்படி ஆகணும்?"

விருந்தினராக வந்த ஊழியக்காரர் சொன்னது: "இப்படிப்பட்ட கேள்விய உன் மனசுல போடுறது யாருன்னு யோசி தம்பி. முழங்கால்ல நில்லு." நாலைந்து பேர் ஆமென் சொன்னார்கள். தம்பி உட்கார்ந்துவிட்டான். கை மறுபடி வாய்க்குப் போய்விட்டது.

ஜூலை 6, ஞாயிறு

ஆராதனையில் மனம் நிற்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

ஐயாவைச் சேலத்தில் சேர்த்திருக்கிறார்கள். பயாப்சி எடுக்க வேண்டுமாம். அம்மா அழாமல்தான் பேசினார்கள், அதுதான் பயமாக இருக்கிறது.

இரண்டாம் ஆண்டு லேப். தம்பி பியூரெட்டைக் கழுவிக்கொண்டே "குட் மார்னிங் மேம்" என்றான். வகுப்பில் மேம், மாடியில் அக்கா. அதுதான் வழக்கம். சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில் பார்த்தபோதும் மேம்தான்.

ஜூலை 9, புதன்

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

அவன் கேட்டதில் வேதியியல் தெளிவாக இருக்கிறது. பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட் என்று ஃப்ளோரைடு உள்ள தாதுக்கள் எல்லாம் கலந்த கெட்டிப் பாறை நம் தருமபுரி மாவட்டம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வருஷக்கணக்கில் அந்தப் பாறையோடே கிடக்கிறது, ஃப்ளோரைடு கரைந்து இறங்குகிறது. கொஞ்சமாக இருந்தால் பல்லுக்கு நல்லது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால், அதுவும் எனாமல் உருவாகிற வயதில் குடித்தால், முதலில் வெள்ளைத் திட்டு, அப்புறம் பழுப்புக் கறை. எட்டு வயதுக்குள் முடிந்துபோகிற காரியம். பிறகு எவ்வளவு நல்ல தண்ணீர் குடித்தாலும் கறை போகாது.

"அளவோடு இருந்தால் நல்லதுதானே தம்பி, கர்த்தர் எல்லாவற்றையும் அளவோடு வைத்திருக்கிறார்" என்று சொல்லிவிடலாம். கேட்க அழகாக இருக்கும். ஆனால் அவன் ஊரில் அளவு அப்படி இல்லையே. அவன் கேட்டது அவன் ஊரைப் பற்றி.

யோவான் 9ஐத் திரும்ப வாசித்தேன். பிறவிக் குருடனைக் காட்டி, இது யார் செய்த பாவம், இவனுடையதா, பெற்றவர்களுடையதா என்று சீஷர்கள் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்கிறார் இயேசு. கேட்டவர்களை அவர் கடிந்துகொள்ளவில்லை. இந்தக் கேள்வியை உங்களுக்குள் போட்டது யார் என்று கேட்கவும் இல்லை. பதில் சொல்லிவிட்டு, தரையில் துப்பிச் சேறுண்டாக்கி அவன் கண்களில் பூசுகிறார்.

கல்லூரிக்கு வந்து கேள்வி கேட்கக் கற்றுக்கொள்கிற பிள்ளைகள் அதே கேள்வியை மாடிப்படிக்குக் கீழே செருப்போடு கழற்றி வைத்துவிட்டுத்தான் வர வேண்டும் என்றால், நாம் எதற்குக் கூடுகிறோம்? முழு மனதோடும் அன்புகூரச் சொன்னாரே. யோசிக்கிற மனது அதில் சேராதா?

ஜூலை 12, சனி

தம்பி வரவில்லை.

கோவிலூர்ப் பெண் வந்தாள். அவள் கத்தோலிக்கப் பெண். அவள் அப்பா படிக்கும்போது கத்தோலிக்க மாணவர் இயக்கமான ஐக்கஃபில் இருந்தவர். "அன்னிக்குக் கேட்ட கேள்விக்குப் பதில் யாருக்கா சொல்லுவாங்க?" என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அடுத்த சனிக்கிழமை பேசுவோம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஐக்கஃப் தொடங்கியது 1924, எங்கள் பக்கத்து சுவிசேஷ மாணவர் குழுக்களான இ.யு.க்களை இணைக்கிற யு.இ.எஸ்.ஐ. 1954. ஐயாவின் மாடியில்தான் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒன்றாக ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். அதற்காக அவர் கேட்ட பேச்சு கொஞ்சமா?

ஜூலை 13, ஞாயிறு

சேலம் போய் வந்தேன். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து ஒரு மணி நேரம் நின்றோம்.

ஐயா மெலிந்துவிட்டார். முழங்கையில் பிளாஸ்டர், பக்கத்தில் ஆறிப்போன கஞ்சி. என்னைப் பார்த்ததும் "அந்தப் பையன் வந்தானா?" என்றார். யார் சொன்னார்களோ தெரியவில்லை. இல்லை என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, வகுப்பெடுப்பதுபோலவே பேசினார். கேம்பிரிட்ஜில் 1874இல் கட்டி முடித்த கேவண்டிஷ் ஆய்வுக்கூடம், இயற்பியலாளர் மேக்ஸ்வெல் அங்கே முதல் பேராசிரியர், அதன் கதவில் லத்தீனில் செதுக்கிய சங்கீதம் 111:2. கர்த்தருடைய செயல்கள் பெரியவை, அவற்றில் பிரியப்படுகிறவர்கள் எல்லாரும் அவற்றை ஆராய்கிறார்கள் என்கிற வசனம். எனக்கு எத்தனையோ முறை சொன்னதுதான். இன்றைக்கு இன்னொன்றும் சேர்த்துச் சொன்னார்: "பாறையையும் ஆராயணும்மா. பல்லையும் ஆராயணும். நல்லது மட்டும் ஆராய்ச்சிக்கு வராது."

அப்புறம் யோபு 42:7ஐ வாசிக்கச் சொன்னார். கடவுளுக்காக வாதாடிய நண்பர்கள்மேல்தான் கடவுளுக்குக் கோபம். கேள்வி கேட்ட யோபு சரியாகப் பேசினான் என்கிறார். வாசித்து முடிப்பதற்குள் ஐயா தூங்கிவிட்டார்.

ஜூலை 15, செவ்வாய்

சம்பளம் இன்னும் ஏறவில்லை. ரிப்போர்ட்டும் வரவில்லை.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. பஸ் நிலையத்தில் ஒரே கூட்டம். பென்னாகரம் பஸ் நிற்கிற இடத்தில் தம்பி. நானே போய் நின்றேன். பஸ் ஒன்று போனது, அவன் ஏறவில்லை. பேசினான்.

"ஒகேனக்கல் தண்ணி எங்க ஊருக்கு வந்தப்ப நான் மூணாவது படிச்சேன். என் தங்கச்சி அப்புறந்தான் பொறந்தா. அவ பல்லு வெள்ளையா இருக்கும். ஜப்பான் கடன் குடுத்துச்சு, இன்ஜினியருங்க பைப்பு போட்டாங்க. அதுவும் கர்த்தர் செஞ்சதுதான்னு எங்கம்மா சொல்லுது. சரி. அப்ப எனக்கு முன்னாடியே ஏன் செய்யலக்கா?"

அக்கா என்றான்.

தெரியல தம்பி, சனிக்கிழமை வா, எல்லாரும் சேர்ந்து யோசிப்போம் என்றேன். தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டான்.

ஜூலை 18, வெள்ளி

நாளைக்காகப் போர்ச்சுகலின் லிஸ்பன் நகர நிலநடுக்கம் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்கள் திருநாள் காலை. கோவில்கள் நிறைந்திருந்த நேரம். நிலம் ஆடியது, கடல் ஏறியது, மிச்சத்தைத் தீ தின்றது. இது பாவத்துக்குத் தண்டனை என்று பிரசங்கித்தவர்கள் உண்டு. பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் கோபப்பட்டுக் கவிதை எழுதினார். ஜெர்மன் தத்துவவாதி கான்ட் மறுவருஷமே நிலத்துக்கு அடியில் என்ன நடந்திருக்கும் என்று மூன்று கட்டுரைகள் எழுதினார். அவருடைய விளக்கம் இன்றைக்கு நிற்காது. ஆனால் செத்தவர்களைக் குற்றவாளிகளாக்காமல் நிலத்தைக் கவனித்தார், அது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

ஜூலை 19, சனி

வந்தான்! கடைசி ஆளாக, கதவோரம்.

ஏழரை வரைக்கும் பேச்சு. மெடிக்கல் காலேஜ் பையன் பல்லைப் பற்றியும், பாறையைப் பற்றிக் கொஞ்சம் நானும் சொன்னோம். கோவிலூர்ப் பெண் யோபு 38ஐ வாசித்தாள்: "நான் பூமியை அஸ்திபாரப்படுத்துகிறபோது நீ எங்கேயிருந்தாய்?" தம்பி உடனே, "இது பதிலா, மிரட்டலாக்கா?" என்றான். மிரட்டலாக இருந்தால் கடவுள் வந்து பேசியிருக்கவே வேண்டாமே, யோபுவுக்கு அவர் வந்ததே பெரிசு என்றாள் அவள். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. வந்தவர் காரணத்தையும் சொல்லியிருக்கலாமே என்றான். யாரும் ஆமென் சொல்லி அடக்கவில்லை. இப்படி ஒரு கூடுகைக்காக எத்தனை வருஷம் ஜெபித்தேன்!

காமர்ஸ் சார் மட்டும் இறுகிப்போய் இருந்தார். படியிறங்கும்போது, "சின்னப் பிள்ளைங்க விசுவாசத்த ஆட்டிப் பாக்கறீங்கம்மா. இனிமே எங்க டிபார்ட்மென்ட் பிள்ளைங்கள அனுப்ப மாட்டேன்" என்றார். நல்ல மனிதர், பிள்ளைகளுக்காக உபவாசம் இருக்கிறவர். அவரிடம் திங்கட்கிழமை பேச வேண்டும். ஆட்டம் ஏற்கெனவே பிள்ளைகளுக்குள் இருக்கிறது சார், அதோடு தனியாக விட்டுவிடக் கூடாது என்று சொல்ல வேண்டும்.

ஜூலை 21, திங்கள்

பேசினேன். அவர் கேட்கவில்லை. சண்டையும் இல்லை.

ஜூலை 22, செவ்வாய்

தம்பி லேபில் கேட்டான்: "அவங்கவங்க ஊரு போர் தண்ணிய எடுத்துட்டு வந்தா இங்க பாக்க முடியுமாக்கா?" பார்க்கலாம் என்றேன். ரீஏஜென்ட் இருக்கிறதா என்று ஸ்டோரில் கேட்க வேண்டும். ஐயாவிடம் சொன்னால் சந்தோஷப்படுவார்.

ஜூலை 24, வியாழன்

அம்மாவிடமிருந்து விடியற்காலையில் இரண்டு மிஸ்டு கால். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. ரிப்போர்ட் வந்திருக்க வேண்டும். ஸ்டோர் சாவியைத் தம்பியிடம் கொடுக்கச் சொல்லிவிட்டேன். முதல் இரண்டு பீரியடுக்கும் ஆள் சொல்லியாயிற்று, சேலம் பஸ் பிடிக்கிறேன்.